கோணலாக நிற்கும் வீடு விழாமல் இருப்பது எப்படி?

கேள்வி:



என் மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். போன கோடையில் அவனோடு தங்கியிருந்தபோது, செஷயர் மாவட்டத்தில் காங்கிள்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 'லிட்டில் மோர்ட்டன் ஹால்' என்ற பழைய மர வீட்டுக்கு அழைத்துப் போனான். சுற்றிலும் அகழி, நடுவில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட வீடு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வீடு முழுக்கத் தேடியும் நேரான கோடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சுவர் சாய்ந்திருக்கிறது, சன்னல் சாய்ந்திருக்கிறது, மேல்மாடியின் நீண்ட கூடத்தில் தரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. எனக்கு உள்ளூர பயம்தான்.

என் சந்தேகங்கள்: 400, 500 வருஷமாக இந்த வீடு எப்படி விழாமல் நிற்கிறது? வசதியுள்ள குடும்பம் கல்லில் கட்டாமல் மரத்தில் ஏன் கட்டியது? கூட வந்த ஒருவர், உடைத்த பழைய கப்பல்களின் மரத்தைக் கொண்டுதான் இப்படிப்பட்ட வீடுகளைக் கட்டினார்கள் என்றார். அது உண்மையா? அந்தக் கறுப்பு வெள்ளை வண்ணம் முதலிலிருந்தே இருந்ததா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்:



இங்கிலாந்தின் மர வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். நாம் இன்று வாழும் வீடுகளில் பளு சுவர்களின் மேலோ கான்கிரீட் தூண்களின் மேலோ இறங்குகிறது. கான்கிரீட் வளையாது. அசைந்தால் விரிசல் விடும். அதனால்தான் சாய்ந்த சுவரைப் பார்த்ததும் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. நீங்கள் பார்த்த வீட்டின் கதை வேறு. அங்கே சுவர் எதையும் தாங்கவில்லை. கால், உத்திரம், குறுக்குச்சட்டம், மூலைக்கை என்று ஓக் மரத்தாலான ஒரு கூடுதான் வீடு. பளு முழுவதையும் அந்தக் கூடே சுமக்கிறது. நீங்கள் சுவர் என்று பார்த்த வெள்ளைக் கட்டங்கள், சட்டங்களுக்கு இடையே இருந்த சந்துகளை அடைத்த அடைப்பு மட்டும்தான். ஓக் சிம்புகளை நட்டு, அவற்றின் குறுக்கே மெல்லிய மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் சாணியும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவது அந்நாட்டின் பழைய முறை. ஓர் அடைப்பைப் பெயர்த்து எடுத்தாலும் வீடு நிற்கும். ஒரு காலைப் பெயர்த்தால்தான் ஆபத்து.

அந்தக் கூட்டின் உயிர், மூட்டுகளில் இருக்கிறது. ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதில் அதற்கேற்ற துளை வெட்டி, உள்ளே செலுத்தி, இரண்டுக்கும் குறுக்கே ஓக் முளையை அடித்து இறுக்குவார்கள். முக்கியமான எந்த மூட்டிலும் இரும்பாணி கிடையாது. ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துத் தின்றுவிடும். அதோடு, முளையைத் தச்சர்கள் அடிக்கும் விதத்திலேயே ஒரு நுணுக்கம் உண்டு. கழுந்தில் போடும் துளையும் வெளிச்சட்டத்தில் போடும் துளையும் நேருக்கு நேர் வராது. வேண்டுமென்றே நூலளவு தள்ளிப் போடுவார்கள். முளை உள்ளே போகப் போக அது வளைந்து, கழுந்தைத் துளைக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இழுப்பு எதற்கு? அவர்கள் பயன்படுத்தியது பச்சை மரம். வெட்டி ஈரம் காயாத ஓக். காய்ந்த ஓக் உளிக்கு மடங்காத அளவுக்கு இறுகிவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே செதுக்கி, மூட்டி, நிறுத்திவிட்டார்கள். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. அதன்படி ஒரு பெரிய உத்திரம் உள்ளே வரை காய்வதற்குப் பத்து வருஷத்துக்கும் மேலாகும். அதற்குள் குடும்பம் குடியேறி, சமைத்து, பிள்ளை பெற்று வளர்த்திருக்கும். மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். குறுக்கில்தான் சுருங்கும். சுருங்கும்போது முறுக்கிக்கொள்ளும், வளையும், வெடிப்பு விடும். நீங்கள் பார்த்த கோணல்களில் ஒரு பங்கு, வீடு கட்டிய சில பத்தாண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. அன்றே வந்த கோணலோடுதான் நானூறு வருஷமும் நின்றிருக்கிறது.

முளை அடித்த மூட்டு சற்றே அசைந்து கொடுக்கும். நம் பழைய மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். மேட்டிலும் பள்ளத்திலும் அதன் ஒவ்வொரு மூட்டும் முனகும், ஆனால் எதுவும் கழன்று விழாது. இந்த வீடும் அந்த விதம்தான். ஒரு பக்கம் தரை அமிழ்ந்தால் பளுவை மற்ற கால்களுக்கு மெல்ல மாற்றிக்கொண்டு, புதிய நிலையில் நின்றுவிடும்.

இது எல்லா மர வீடுகளுக்கும் பொது. லிட்டில் மோர்ட்டன் இவ்வளவு கோணலாக இருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. நீங்கள் நடந்து பார்த்த அந்த நீண்ட கூடம்தான் அது.

வீட்டை ஒரே மூச்சில் கட்டவில்லை. மோர்ட்டன் குடும்பத்தின் வில்லியம் என்பவர் 1504-க்கும் 1508-க்கும் இடையில் நடுக்கூடத்தையும் கிழக்குப் பகுதியையும் கட்டினார். அவர் மகன், அவர் பெயரும் வில்லியம்தான், 1559இல் முற்றத்தைப் பார்த்தபடி துருத்தி நிற்கும் பெரிய சன்னல்களை வைத்தார். பேரன் ஜான் 1560-களின் தொடக்கத்தில் தெற்குப் பகுதியை எழுப்பினார். நீங்கள் பாலம் தாண்டி நுழைந்த வாசல் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதன் உச்சியில் 68 அடி நீளத்துக்கு, இரு பக்கமும் சன்னல் வைத்த கூடம். கீழ்த்தளங்களை வகுத்தபோது அது திட்டத்தில் இருந்திருக்காது, வேலை நடக்கும்போது சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்தப் பகுதியின் உருவத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. நீண்ட கூடம் என்பது அக்காலத்துப் பெரிய மனிதர்களிடையே பரவிய புதுமோகம். மழை நாளில் உலாவவும் விளையாடவும் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நான்கு டென்னிஸ் பந்துகள் இந்தக் கூடத்தின் மரப்பலகைக்குப் பின்னாலிருந்து கிடைத்திருக்கின்றன.

அந்தக் கூடத்தின் மேல் கூரையாகப் போட்டது ஓடு அல்ல, கனத்த மணற்பாறைப் பலகைகள். அவ்வளவு எடையும் இரண்டு தளங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரு தளத்துக்கு மேல் ஒரு தளம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூடத்தின் பக்கங்களில் சுவருக்குப் பதில் வரிசையாகச் சன்னல். சாய்ந்து தாங்கும் மூலைக்கைகள் வைக்க அங்கே இடமே இல்லை. கூரையின் பளு பக்கச் சுவர்களை வெளியே தள்ள, கீழ்த்தளங்கள் நெளிந்தன. 17ஆம் நூற்றாண்டிலேயே யாரோ விழித்துக்கொண்டு, கூரைச் சட்டங்களுக்கு இடையே குறுக்கு உத்திரங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. பின்னாளில் இரும்புத் தண்டுகளும் சேர்ந்தன. அடுத்த முறை போகும்போது கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். வளைந்த சட்டங்களின் அழகைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக ஓடும் உத்திரங்கள் தெரியும். வீட்டைக் காப்பாற்றியவை அவைதான்.

கூடத்தின் இரு கோடியிலும் முக்கோணச் சுவரில் சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒருபுறம் சக்கரம் பிடித்த அதிர்ஷ்ட தேவதை, மறுபுறம் உருண்டை ஏந்திய விதி. இந்த இரு உருவங்களும் 1556இல் ராபர்ட் ரெக்கார்ட் வெளியிட்ட வானியல் நூலின் படத்திலிருந்து எடுத்தவை. கணக்கில் சமம் என்று நாம் போடும் இரட்டைக் கோட்டை 1557இல் முதலில் அச்சில் கொண்டுவந்தவரும் அதே ரெக்கார்ட்தான். நாட்டுப்புறத்து வீட்டுக்காரர் ஒருவர், வெளிவந்து சில வருஷமே ஆன அறிவியல் நூலைப் புரட்டி, அதன் படத்தைத் தன் கூடத்துக்கு எடுத்திருக்கிறார். மோர்ட்டன்களைப் பற்றி இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை.

மரத்தில் ஏன் கட்டினார்கள் என்று கேட்டீர்கள். வசதி இல்லாமல் அல்ல. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுக்கு 1,360 ஏக்கர் நிலமும், மாவு ஆலையும், தண்ணீரால் ஓடும் சம்மட்டிகள் வைத்த இரும்பு உலையும் இருந்தன. கல்லும் செங்கலும் தெரியாதவர்களும் அல்லர். பாலம் கல், அடிமானம் கல், புகைபோக்கி செங்கல். ஆனால் அந்த வட்டாரத்தின் கௌரவம் மரத்தில் இருந்தது. நல்ல ஓக் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த தச்சர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் செல்வத்தைக் காட்ட வேண்டுமானால், தேவைக்கு மேல் மரத்தைச் செலவழித்துக் காட்டினார். நீங்கள் பார்த்த மீன்முள் கோடுகள், நான்கு இதழ்ப் பூக்கள் எல்லாம் பெரும்பாலும் அலங்காரம். தாங்குவதற்கு அவ்வளவு மரம் தேவையில்லை. தளங்கள் வெளியே நீட்டி நிற்பதும் அப்படித்தான் என்பது என் எண்ணம். நெருக்கடியான நகரத் தெருவில் இடம் பிடிக்க அப்படிக் கட்டினார்கள் என்றால் பொருந்தும். அகழிக்குள் தனியாக நிற்கும் வீட்டுக்கு அந்தத் தேவை இல்லை. நீட்டிய தளம் கீழ்ச் சுவரை மழையிலிருந்து காத்ததும், நுனியில் இறங்கும் பளு நடுத்தரை தொய்வதைக் குறைத்ததும் கூடக் கிடைத்த நன்மைகள்.

இன்னொரு ஆடம்பரம் கண்ணாடி. அக்காலத்தில் கண்ணாடி விலை மிக உயர்ந்த பொருள். சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஈயப் பட்டையில் கோத்து வைத்தார்கள். அந்த வீட்டுச் சன்னல்களில் அப்படி 30,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டு. 1559இன் சன்னல்களுக்கு மேலே உள்ள செதுக்கெழுத்தைப் பார்த்தீர்களா? வீட்டுக்காரர் வில்லியம் மோர்ட்டன் இவற்றைச் செய்வித்தார் என்று ஆண்டோடு சொல்லிவிட்டு, அடுத்து ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் கடவுள் அருளால் இவற்றைச் செய்தார் என்றும் பொறித்திருக்கிறது. எஜமான் பெயர் எந்த வீட்டிலும் இருக்கும். உளி பிடித்தவரின் பெயரும் அதோடு நிற்பது மிக அபூர்வம். என்னைக் கேட்டால் அந்த வீட்டிலேயே முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கப்பல் மரக் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் மர வீடு இருக்கும் ஊரிலெல்லாம் இதைச் சொல்வார்கள். மிகப் பெரும்பாலான வீடுகளுக்கு இது பொருந்தாது. கப்பல் சட்டங்கள் உடலின் வளைவுக்கு ஏற்ப வளைந்தவை, இரும்பு அடித்தவை, வருஷக்கணக்கில் உப்பில் ஊறி இறுகியவை. அவற்றை வைத்து இத்தனை நுணுக்கமான மூட்டு போடுவது பெரும்பாடு. செஷயரின் உள்நாட்டு மண்பாதையில் அவ்வளவு தூரம் இழுத்து வரவும் வேண்டும், காலடியில் ஓக் காடு இருக்கும்போது! பழைய உத்திரங்களில் எதற்கும் பயன்படாத வெற்றுத் துளைகள் காணப்படுவதால் இந்தக் கதை பிறந்தது. அந்தத் துளைகள் கப்பலின் அடையாளம் அல்ல. இடித்த பழைய வீட்டின் மரத்தைப் புது வீட்டுக்கு மறுபடி எடுத்ததன் அடையாளம். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அது எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்று இன்று பல வீடுகளுக்குத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. நின்ற மரத்தை வெட்டிய கையோடு பச்சையாகவே வீட்டில் ஏற்றினார்கள் என்பது அதனாலும் தெரியவந்தது.

துளைகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். சட்டங்களில் உளியால் கீறிய ரோம எண்களைப் பல மர வீடுகளில் பார்க்கலாம். ஒரு பக்கச் சுவரின் சட்டகம் முழுவதையும் தச்சர்கள் முதலில் தரையில் படுக்க வைத்து மூட்டிப் பார்ப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறுவார்கள். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்தில் நிறுத்துவார்கள். நான்கு என்பதை நான்கு கோடுகளாகவே கீறினார்கள். நாம் எழுதும் ரோம நான்கைத் தலைகீழாகப் பார்த்தால் ஆறோடு குழம்பிவிடும் அல்லவா? சட்டத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பார்கள் என்பது யாருக்குத் தெரியும்!

கறுப்பு வெள்ளை வண்ணம் முதலிலிருந்து இருந்ததல்ல. அது 19ஆம் நூற்றாண்டின் விருப்பம். முதலில் ஓக்குக்கு எதுவும் பூசவில்லை. வெயிலிலும் மழையிலும் அது தானாகவே வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு வந்தது. இடையே இருந்த அடைப்புகளுக்குக் காவி மஞ்சள் பூசியிருந்தார்கள். விக்டோரியா காலத்தவர்கள் மரத்துக்குக் கறுப்படித்து, அடைப்புகளை வெள்ளையாக்கினார்கள். செஷயர் முழுவதும் அதுவே பழமை என்று நிலைத்துவிட்டது. பழுது பார்க்கும்போது வைத்த புதிய ஓக் சட்டங்களுக்கு இப்போது கறுப்படிப்பதில்லை. அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது சரியான முடிவு என்பேன். எது பழையது, எது புதியது என்று பார்ப்பவருக்கு ஒளிக்காமல் சொல்கிறது.

இந்த வீட்டுக்கு உண்மையான எதிரி எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கோணல் அல்ல, தண்ணீர். வைரம் பாய்ந்த ஓக் காய்ந்திருக்கும் வரை அதை எதுவும் எளிதில் தொடாது. ஈரம் தங்கினால் முதலில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை இளக்கிய மரத்தை ஒரு வகை வண்டின் புழுக்கள் குடைந்து தின்னும். அந்த வண்டு தலையால் மரத்தைத் தட்டித் துணையை அழைக்கும் சத்தம் அமைதியான இரவில் கேட்கும். அதனால்தான் கூரையும், கல் அடிமானத்தின் மேல் படுத்திருக்கும் அடிச்சட்டமும் முதன்மையாகக் காக்க வேண்டியவை.

இதில் மிகப் பெரிய கேட்டைச் செய்தது, 20ஆம் நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடு வந்த சிமெண்ட். மண் அடைப்பும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். மரம் அசையும்போது தாமும் கொஞ்சம் அசையும். அவற்றை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினால், மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வெளியில் பளபளவென்று பூச்சு நிற்க, பின்னால் ஓக் உளுத்துக்கொண்டிருக்கும். நானூறு வருஷம் தாங்கிய அடிச்சட்டங்கள் சில பத்தாண்டுகளில் கூழானது இங்கிலாந்தின் பல வீடுகளில் நடந்திருக்கிறது. வில்லியம் மோரிஸ் 1877இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் தொடங்கினார். புதிதுபோல் ஆக்காதீர்கள், பழுதை மட்டும் பாருங்கள் என்பது அதன் நிலை. அதைக் கேட்டு நடந்த வீடுகள் பிழைத்தன.

லிட்டில் மோர்ட்டன் பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வருத்தமாக இருக்கிறது. வறுமை. 1640-களின் உள்நாட்டுப் போரில் அந்தக் குடும்பம் மன்னர் பக்கம் நின்றது. நாடாளுமன்றத் தரப்பு வீட்டைக் கைப்பற்றியது. கடன் கழுத்தை நெரித்தது. பிறகு வீட்டைக் குத்தகை விவசாயிகளிடம் விட்டுவிட்டார்கள். மற்ற பணக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் தங்கள் மர வீடுகளை இடித்தும் செங்கல்லால் மூடியும் புது மோஸ்தருக்கு மாற்றியபோது, மோர்ட்டன்களிடம் அதற்குக் காசில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வீட்டின் பெரும்பகுதியில் ஆளே இல்லை, வழிபாட்டு அறையில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்கள். குடும்பத்தின் கடைசி வாரிசு எலிசபெத் மோர்ட்டன், ஒரு கன்னியாஸ்திரி. வழிபாட்டு அறையைச் செப்பனிட்டார். 1912இல் இறந்தபோது, எக்காலமும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உறவினரான ஒரு பிஷப்புக்கு வீட்டை எழுதி வைத்தார். 1938இல் அது தேசிய அறக்கட்டளையிடம் வந்தது. 1970-களின் இறுதியில் தெற்குப் பகுதியின் கூரைக் கற்கள் பிடி தளர்ந்திருப்பது தெரியவர, ஆறு கட்டங்களாகப் பெரிய பழுதுபார்ப்பு தொடங்கியது. நீங்கள் தைரியமாக நடந்த தரை அந்த வேலையின் பயன்.

அதற்குச் சற்று முன்பு, 1976இல், ஓர் அறையின் பிற்காலப் பலகையைக் கழற்றியபோது 16ஆம் நூற்றாண்டின் சுவரோவியம் வெளிப்பட்டது. விவிலியச் சூசன்னாவின் கதை. பலகைக்குப் பின்னால் இருந்ததால் அது அழியாமல் தப்பியது. கிழக்குப் பக்கத்துச் சிறிய அறை அது, கூட்டத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று பாருங்கள்.

அடுத்த கோடைக்கும் மகனிடம் போவீர்களானால், மான்செஸ்டருக்கு இன்னும் பக்கத்தில், ஸ்டாக்போர்ட்டில் உள்ள பிராமல் ஹாலையும் பாருங்கள். லிவர்பூலில் விமான நிலையத்தை ஒட்டி ஸ்பீக் ஹால் இருக்கிறது. அது 1530-லிருந்து கட்டியது. மூன்றையும் பார்த்தவருக்கு மோர்ட்டனின் கோணல் எவ்வளவு தனி என்பது விளங்கிவிடும். எந்த வீட்டுக்குப் போனாலும் தூண்களையும் சுவர்களையும் கையால் தடவாதீர்கள், கூட வரும் குழந்தைகளையும் தடவ விடாதீர்கள். வருஷந்தோறும் வரும் ஆயிரக்கணக்கான கைகளின் எண்ணெயும் வியர்வையும் பழைய பூச்சுக்கு நல்லதல்ல.